வீட்டில் படித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க நாங்கள் பட்ட பாடு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் எங்கள் பக்கம் அதிகம் இல்லை. அம்பாசமுத்திரத்தை ஒட்டிய ஒரு கிராமம் எங்களுடையது. என் மகள் கல்லூரி வாசலை மிதிப்பதற்குள் அவளுக்கு ஒரு வருடம் போனது, எங்களுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் பணம் போனது. விவரம் கேட்க அக்கம்பக்கத்தில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது நடக்கும்போதே இதைப் படித்தால் முழுக்கப் பயன்படும். பதினேழு வயதில் படித்தால் பாதிதான்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் ஏழாம் வகுப்பு முடிக்கிற நேரம். செல்போனில் வகுப்பு நடந்த நாட்களில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு குளத்துக் கரைக்குப் போய்விடுவாள். என்னென்ன பறவை வருகிறது, எத்தனை வருகிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று எழுதி வைப்பாள். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பார்களே, அவர்களோடும் போக ஆரம்பித்தாள். பள்ளி திறந்தபோது, "அம்மா, நான் வீட்டுலயே படிக்கேனே" என்று கேட்டாள். அவள் அப்பாவும் நானும் பல நாள் யோசித்துத்தான் சரி என்றோம். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. படிப்பு நன்றாகவே நடந்தது. தாள்களும் தேதிகளும்தான் எங்களை அலைக்கழித்தன.

முதல் தாள் டி.சி. பழைய பள்ளியில் பொதுமுடக்கக் காலத்துக் கட்டணப் பாக்கி என்று ஒரு தொகை கேட்டார்கள். கட்டிவிட்டு டி.சி.யை வாங்கினோம். இனி பள்ளிக்கே போகப்போவதில்லை, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் சாதிச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. முதலில் கேட்டது அந்த டி.சி.யைத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால் நிறுத்துவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் எங்கே படித்தோம் என்பதுதான் கணக்கு. வீட்டில் படித்த பிள்ளைக்கு இவை கிடைக்காது.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுத நாங்கள் பிடித்துக்கொண்டது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. வருடத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஏப்ரல்-மே மாதங்களில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் கட்டாயம், கூடுதலாக இரண்டு பாடம் எடுத்துக்கொள்ளலாம். பத்து தேறியதற்கும் பன்னிரண்டு தேறுவதற்கும் நடுவில் இரண்டு வருட இடைவெளி வேண்டும். இந்த இடைவெளியை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கெட்டிக்காரி, எப்போது வேண்டுமானாலும் பத்தாம் வகுப்பு எழுதிக்கொள்வாள் என்று தள்ளிப்போட்டால், கல்லூரிக்குப் போகிற வயதும் அத்தனை தூரம் தள்ளிப்போகும். என் மகள் 2022-இல் பத்தாம் வகுப்பு எழுதினாள். நாங்களே இணையத்தில் விண்ணப்பித்தோம், சில ஆயிரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில்தான் இடி விழுந்தது. அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு இருப்பதால் ஆய்வகம் உள்ள படிப்பு மையம் வேண்டும். அதையும் ஏற்பாடு செய்து, பாடமும் சொல்லிக் கொடுக்கிறோம் என்று திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். 28,000 ரூபாய் கட்டினோம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், தமிழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். மறு ஜனவரியில் அடையாள அட்டை கைக்கு வந்தபோது பார்த்தால், இயற்பியல் இருக்க வேண்டிய இடத்தில் 321 என்று இருந்தது. அது மனையியலின் எண். இயற்பியல் 312. போன் போட்டுக் கேட்டேன். "அக்கா, பிசிக்ஸுன்னா பிள்ளைக்குக் கஷ்டம்லா, இதுல ஈஸியா மார்க் வரும்னு நாங்களே மாத்திட்டோம்" என்றார் அங்கே இருந்தவர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடம் மாற்றுகிற தேதி முடிந்துவிட்டது. எங்களுக்கு ஏன் ஒரு தகவலும் வரவில்லை என்று கிளறிப் பார்த்தால், விண்ணப்பத்தில் இருந்த செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் அந்த நிலையத்தினுடையவை. ஓ.டி.பி. முதற்கொண்டு எல்லாம் அவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அசைன்மென்ட் எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதியும் அப்படித்தான் எங்கள் காதுக்கு வராமலே போயிற்று. அதற்கு மட்டும் இருபது சதவீத மதிப்பு உண்டு. வேதியியலில் அவளுக்கு மதிப்பெண் இறங்கியது அதனால்தான்.

ஆகவே யாரை நம்பிக் கொடுத்தாலும் சரி, விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண், உங்கள் மின்னஞ்சல் இருக்க வேண்டும். கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். கட்டணம் கட்டிய அன்றைக்கே விண்ணப்ப நகலை வாங்கிப் பாடத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் எண்ணையும் பாருங்கள். கணிதம் 311, இயற்பியல் 312, வேதியியல் 313, உயிரியல் 314, ஆங்கிலம் 302. உண்மையில் இந்த விண்ணப்பத்துக்கு நடுவில் ஆள் தேவையே இல்லை. படிப்பு மையத்தை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், செய்முறைக்கு எத்தனை நாள் விடுவார்கள் என்று கேளுங்கள்.

இயற்பியல் ஏன் அத்தனை முக்கியம் என்றால், அவள் ஆசைப்பட்டது ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. நாட்டில் ஏழு இருக்கின்றன. அதில் திருவனந்தபுரத்து ஐசர் இருப்பது விதுராவில், எங்கள் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கில் குறைந்தது மூன்றாவது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால்தான் அதன் நுழைவுத்தேர்வான ஐ.ஏ.டி. எழுதிச் சேர முடியும். அவளிடம் இருந்தது இரண்டு. 2024-இல் அந்தத் தேர்வு அவளுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

சரி, பாளையங்கோட்டையில் விலங்கியலாவது சேர்ப்போம் என்றால் அதற்கும் தடை. மாநில வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு அந்த வருடம் மே 6-ஆம் தேதியே வந்துவிட்டது. கல்லூரிகள் மே மாதத்திலேயே விண்ணப்பம் வாங்கி இடங்களை நிரப்பத் தொடங்கிவிட்டன. என்.ஐ.ஓ.எஸ். முடிவு வந்தது ஜூன் மாதக் கடைசியில். மதிப்பெண் பட்டியலோடு நாங்கள் போய் நின்றபோது விலங்கியலில் இடம் இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் யாருக்கும் இந்தத் தேதி விஷயம் முன்கூட்டித் தெரிவதில்லை என்று நினைக்கிறேன். ஜூனில் கல்லூரியில் சேர வேண்டும் என்றால் அதற்கு முந்தின அக்டோபர்-நவம்பர் தேர்விலேயே பன்னிரண்டை முடித்துவிடுங்கள். பொங்கல் சமயத்தில் முடிவு கையில் இருக்கும். ஏதாவது ஒரு பாடம் போனாலும் ஏப்ரலில் எழுத இன்னொரு வாய்ப்பு இருக்கும். இரண்டு வருட இடைவெளிக் கணக்கையும் வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் பத்தாம் வகுப்பை எப்போது முடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அந்த ஆடி மாதம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "உன் மக இப்ப எந்தக் காலேஜுல படிக்கா?" பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. பள்ளிக்கு அனுப்பியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று என் மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார். என் மகள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் குளத்துப் பக்கமே போகவில்லை, நோட்டையும் எடுக்கவில்லை. பணம் போனதைக் காட்டிலும் அதுதான் என்னைத் தின்றது. இரவில் நானும் அவள் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் படுத்திருப்போம். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் மூன்று நான்கு தடவை திருநெல்வேலிக்குப் போய்வந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு வருடம் தவறியதற்காகப் பிள்ளையைக் குத்திக்காட்டாதீர்கள், மற்றவர்களையும் குத்திக்காட்ட விடாதீர்கள். நான் அதன் பிறகு மாமியாரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டேன், இவள் மேல் ஒரு தவறும் இல்லை, இனி அவள் காதுபடப் பேச வேண்டாம் என்று.

அக்டோபர் தேர்வுக்கு இயற்பியலைக் கூடுதல் பாடமாக நாங்களே பதிவுசெய்தோம். படிப்பு மையத்தில் செய்முறைக்கு விட்டது சொற்ப நாள். இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துக்கு 80, செய்முறைக்கு 20. செய்முறையிலும் தனியாகத் தேற வேண்டும். அதற்கு முன் ஏப்ரலில் வேதியியல் செய்முறைக்கு அவளைத் தயார் செய்தது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி. அவர் வீட்டுத் திண்ணையில் பியூரெட்டை ஸ்டாண்டில் மாட்டி வைத்துக்கொண்டு, "ஏட்டி, அவசரப்படாத. கண்ணுக்கு நேரா வச்சுப் பாரு. துளித்துளியா விடு. நிறம் மாறிச்சா, அந்தத் துளியோட நிப்பாட்டு" என்று சொல்லிக்கொடுப்பார். இயற்பியலுக்கும் அவரே வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று எல்லாம் தொட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கருவிகளைக் கையால் தொட்ட பழக்கம் இருக்காது. இப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் பஞ்சம் இல்லை, போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வுத் தயாரிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வை 2007 முதல் எடுத்துவிட்டார்கள். பொறியியல், வேளாண்மை, கலை அறிவியல் எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். பொறியியலுக்குக் கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அதனால் நுழைவுத்தேர்வு வகுப்புக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன், பொதுத்தேர்வை மூன்று மணி நேரம் கையால் எழுதப் பழக்குங்கள். என் மகள் படித்ததை வாயால் அழகாகச் சொல்வாள், பக்கம் பக்கமாகப் பறவைக் குறிப்பும் எழுதுவாள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதே இல்லை. முதல் மாதிரித் தேர்வில் இரண்டு மணி நேரத்திலேயே விரல் வலிக்கிறது என்று பேனாவை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பழைய வினாத்தாளை எழுத வைத்தோம். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது என்பதும் விதி. கை பழக நான்கைந்து மாதம் ஆனது.

நுழைவுத்தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றால் எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்ற கேள்வி வரும். என்.ஐ.ஓ.எஸ். புத்தகம் அதன் பொதுத்தேர்வுக்குப் போதும். நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கியூட், ஐ.ஏ.டி. எல்லாவற்றுக்கும் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் அடிப்படை. இரண்டின் பாட வரிசையும் ஒன்றாக இருக்காது. தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் நம் மாநிலப் பாடநூலின் 11, 12 வகுப்புப் புத்தகங்கள் நன்றாக இருக்கின்றன. எல்லாமே இணையத்தில் இலவசம். ஒரு இணைய வகுப்புக்கு 18,000 கட்டிப் பார்த்தோம். அது நீட் எழுதும் பிள்ளைகளை மனதில் வைத்தது, பள்ளியில் ஏற்கனவே பாடம் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கான வேகம். இவளுக்கு ஒத்துவரவில்லை. இலவச வகுப்புகளை ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

திறந்தநிலைப் பள்ளியில் படித்தால் நீட் எழுதவே முடியாது என்று எங்களிடம் பலர் சொன்னார்கள். அது பழைய கதை. 2018-இல் அப்படி ஒரு தடை வந்தது உண்மை, அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த வழக்கு முடிந்து வழி தெளிவாகிவிட்டது. நீட்டுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு வழியாக என்.ஐ.டி. பொறியியல் கல்லூரிகளுக்குப் போக நினைப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் பொதுவாக 75 சதவீதம் வேண்டும் என்ற விதியை மறக்கக் கூடாது. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 33 எடுத்தால் தேர்ச்சிதானே என்று இருந்துவிட்டால் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

2025 மே 25-ஆம் தேதி அவள் ஐ.ஏ.டி. எழுதினாள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, நான்கு பாடத்திலும் பதினைந்து பதினைந்து. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். மூன்று பாடம் படித்திருந்தால் எழுதலாம் என்று சொன்னாலும் கேள்வி நான்கிலிருந்தும் வரும். கணிதம் அவளிடம் இல்லை. அந்தப் பதினைந்து கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டு வந்தாள், 240-இல் 60 மதிப்பெண் அங்கேயே போயிற்று. இடம் கிடைக்கவில்லை. உயிரியல் பக்கம் போகிற பிள்ளையாக இருந்தாலும் கணிதத்தை ஆறாவது பாடமாக வைத்துக்கொள்ள என்.ஐ.ஓ.எஸ்.ஸில் இடம் இருக்கிறது. இதை எனக்கு 2022-இல் ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஐ.ஏ.டி., கியூட் போன்ற தேர்வுகள் கணினியில் நடப்பவை. செல்போனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு மவுஸ் பிடிக்க வராது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய லேப்டாப்பை வாங்கி இலவச மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகினாள்.

சான்றிதழ்களைத் தேர்வுக்கு முந்தின வருடமே எடுத்துவிடுங்கள். பள்ளியில் படித்தால் சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் எல்லாவற்றையும் ஆசிரியர்களே நினைவுபடுத்துவார்கள். நமக்குச் சொல்ல யாரும் இல்லை. பெயரும் இனிஷியலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் மகள் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருந்தது, பத்தாம் வகுப்புச் சான்றில் அப்பா பெயர் விரிவாக இருந்தது. அதைச் சரிசெய்ய அலைந்த நாட்களில் இன்னொரு பாடம் படித்து முடித்திருக்கலாம். மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து, அதை மட்டும் சேருகிற வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் இருப்பிடச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது தேவைப்படாது.

கியூட்டும் எழுதினாள். அதன் முடிவு வந்தது ஜூலை 4-ஆம் தேதி. அதற்காகக் காத்திருந்தால் இங்கே வகுப்பே தொடங்கியிருக்கும். நாங்கள் மே மாதமே பாளையங்கோட்டையில் இரண்டு மூன்று கல்லூரிகளில் விண்ணப்பித்து, விலங்கியல் கிடைத்ததும் கட்டணத்தைக் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டோம். சேர்க்கை அன்று அலுவலகத்தில் இருந்தவர், "பன்னெண்டு படிச்ச ஸ்கூலோட டி.சி. எங்கம்மா?" என்று கேட்டார். மதிப்பெண் பட்டியலோடு வந்த மைக்ரேஷன்-கம்-டிரான்ஸ்ஃபர் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். அதுதான் இவர்களுக்கு டி.சி. என்று நான் சொன்ன பிறகு உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். நன்னடத்தைச் சான்றிதழும் கேட்டார்கள், படிப்பு மையத்தின் பொறுப்பாளரிடம் முன்னமே எழுதி வாங்கியிருந்தோம். அசலைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரிலும் மதிப்பெண் பட்டியலை இறக்கி வையுங்கள். வேறு இடத்தில் அழைப்பு வந்தால் அசலை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், கட்டணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை அன்றைக்கே, அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்.